மூக்கு முழிச்ச மூணாம் நாள்

— என்னடி, அதுக்குள்ள கண்ணைத் திறந்துட்ட? தியானம் பத்து நிமிஷம்னு சொன்ன, ரெண்டு நிமிஷம்கூட ஆகல.

— போங்க, குமட்டிக்கிட்டு வருது. மூச்சைக் கவனின்னு சொன்ன மகராசன் ஒரு நாள் எங்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வந்து நின்னிருக்கணும்.

— இதெல்லாம் நமக்குத் தோதுப்படாதுன்னு அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். விட்டுத் தொலை.

— எப்படி விடறது? பிரஷர் இறங்கலன்னா மாத்திரையைக் கூட்டிடுவேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வகுப்புல சேத்துவிட்டதே அவங்கதானே.

— அங்க என்னதான் சொல்லித் தர்றாங்க?

— உக்காந்ததுமே அந்த வாத்தியார் பொண்ணு கேட்டுச்சு, ஏங்க்கா வாயாலயே மூச்சு விடறீங்கன்னு. எனக்கே அப்பத்தான் உறைச்சுது. பதினெட்டு வருஷமா சீழும் ரத்தமும் ஒட்டின போர்வையைப் பிரிச்சுப் பிரிச்சு, மூக்கையே மறந்துட்டேங்க. வீட்டுலயும் வாயாலதான்.

— அப்படியே இருந்துட்டுப் போயேன். நாத்தம் தெரியாதவ புண்ணியவதி.

— மூணு நாளா மூக்கால இழுக்கறேன். தலகாணியில எண்ணெய்ச் சிக்கு, துண்டுல ஈர வாடை, உங்க சட்டையில டீசல். சீ, இதுக்குள்ளயா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்?

— வந்துட்டா மகாராணி. ஸ்கூல் பஸ் ஓட்டறவன் சட்டையில சந்தனமா மணக்கும்?

— டீசலைச் சகிச்சுக்கலாம். இன்னொரு நாத்தம் இருக்கு. குப்பைக்கூடையைக் கழுவிட்டேன், சிங்க்குல கொதிதண்ணி ஊத்திட்டேன். போகவே மாட்டேங்குது.

— எலி செத்திருக்கும். பீரோவுக்குப் பின்னால பாரு.

— பாத்தாச்சு. எலி இல்ல. நீங்க வேலைக்குப் போனா அதுவும் போயிடுது. நீங்க வந்தா கூடவே வருது.

— மோப்பம் பிடிக்கவா அந்த வகுப்புக்குப் போன?

— கட்டில்ல எதுக்கு சாக்ஸோட உக்காந்திருக்கீங்க?

— குளிருது.

— ஃபேனை அஞ்சுல வச்சுக்கிட்டுக் குளிருதா? காலை நீட்டுங்க.

— கிட்ட வராத. ஷூ கடிச்ச புண்ணு, அவ்வளவுதான். வலிகூட இல்ல.

— வலி இல்லயா? சுகர் இருக்கறவங்களுக்குக் கால்ல வலி இல்லன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? காலை எடுத்தவங்க வார்டுலேர்ந்து வர்ற துணியைத் தினம் பிரிக்கறவ நான். இதே நாத்தந்தான். எத்தனை நாளாச்சு?

— ஒன்றரை மாசம்.

— அடப்பாவி மனுஷா.

— சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவ. விஷயம் தெரிஞ்சா ஸ்கூல்ல சாவியைப் பிடுங்கிடுவாங்க. பஸ்ல பசங்க மூக்கைப் பொத்த ஆரம்பிச்சப்பகூட வாயைத் திறக்கல. உனக்குத்தான் வாடையே தெரியாதேன்னு இருந்துட்டேன்.

— வேலை கிடக்கட்டும், காலே போயிடும்ங்க. கழட்டுங்க அந்த சாக்ஸை.

— வேணாம்மா. நேத்து கழட்டினப்ப சுண்டுவிரலும் அதோடயே வந்துடுச்சு.