முந்நூற்று மூன்று நாள்

காப்பியில் சர்க்கரை போட்டுத்தான் இறக்கினேன். இந்த ஊரில் கேட்டுவிட்டுப் போடும் வழக்கமில்லை. பாலாடைக்கட்டி ரொட்டி சூடாக இருக்கிறது, எடுத்துக்கொள்.

மேசையில் நீ விரித்து வைத்திருக்கும் பிறப்புச் சான்றிதழை, கண்ணாடி இல்லாமலேயே எப்போதோ படித்துவிட்டேன். தாய், ஜுரேமா. தந்தை என்ற இடத்தில் வெறும் கோடு. சாகும்முன் உன் அம்மா, 'அந்தக் கோட்டைப் பற்றி ஜுல்மிராவிடம் கேள்' என்றாளாம். கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அதற்கு என் கால்குலேட்டரிலிருந்து தொடங்கவேண்டும்.

இதோ, இதுதான். வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது, எண்பத்து மூன்றாம் வருஷ டிசம்பரில், வருஷக் கடைசியில் கூடுதலாகத் தரும் பதிமூன்றாம் மாதச் சம்பளம் முழுவதையும் கொட்டி வாங்கினேன். வட்டி, தவணை எல்லாம் போடும். தங்க நிற முகம். சமக்குறிப் பொத்தான் கிடையாது. அதனால் இரவல் வாங்குகிறவர்கள் இரண்டு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பொருளை நாற்பது வருஷம் காப்பாற்ற இதைவிட நல்ல பூட்டு இல்லை.

காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று பிரேசிலே தலைசுற்றிக் கிடந்த காலம் அது. இந்தப் 'பெட்டி'யிடம் கணக்குக் கேட்கத் தெருவே என் ஜன்னலில் நின்றது. கசாப்புக் கடை டூர்வால் ஒருநாள் வந்தான்.

"தோனா ஜுல்மிரா, ஃபிரிட்ஜ ரொக்கமா எடுக்கவா, ஆறு தவணையில எடுக்கவா? பெட்டி என்ன சொல்லுது?"

"பெட்டி தவணைன்னு சொல்லுது. உன் பொண்டாட்டி என்ன சொல்றா?"

"அவளுக்கு இன்னும் தெரியாதே."

"அப்ப ஃபிரிட்ஜ் யார் வீட்டுக்குப் போகுது?"

அன்று அவன் முகம் அவன் கடையில் தொங்கும் இறைச்சியின் நிறத்துக்கு வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. நான்கு பேரிடம் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

தொண்ணூற்று நாலில் புதுப் பணம் வந்தது. விலைவாசி அடங்கியது. ஜன்னலுக்கு வருவதும் நின்றது. பெட்டி என்ன சொல்கிறது என்று கேட்டவர்கள் யாரும், ஜுல்மிரா என்ன சொல்கிறாள் என்று கேட்க ஒருநாளும் வந்ததில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

இதில் இன்னொரு வசதி உண்டு. இரண்டு தேதிகளைத் தட்டினால் நடுவில் எத்தனை நாள் என்று சொல்லிவிடும். பொழுது போகவேண்டுமே. தெருவில் நடந்த கல்யாணத் தேதிகளையும் தலைச்சன் பிள்ளைகளின் பிறந்த தேதிகளையும் தட்டிப் பார்த்தேன். பங்குச் சாமியார் பாவமன்னிப்புக் கூண்டில் உட்கார்ந்து ஒரு வருஷத்தில் அறிந்ததை நான் ஒரு பிற்பகலில் அறிந்துகொண்டேன்.

உன் அம்மா அடுத்த வீடு. உன் அப்பா ஒஸ்மார், ஆம், ஒஸ்மார்தான், வடக்கே அணைக் கட்டுமான வேலைக்குப் போயிருந்தான். திரும்பி வந்ததும் கல்யாணமும் உன் ஞானஸ்நானமும் ஒரே நாளில் என்று பேச்சு. உன் பெயரைப் பதிவதற்கும் அவன் வரவேண்டும் என்று ஜுரேமா காத்திருந்தாள். உனக்கு நான்தான் ஞானத்தாய் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டது. முதலில் சொன்னது நான்தான். வெள்ளை உடுப்புகூடத் தைத்து வைத்துவிட்டேன்.

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடை கிளெயுசா கேட்டது காதில் விழுந்தது. "ஏன்டி, ஜுல்மிராவையா ஞானத்தாயா வைக்கப்போற?"

"அய்யோ, அவளா? சாமியார் தண்ணி ஊத்தி முடிக்கறதுக்குள்ள, பிள்ளை எத்தன நாள்ல பொறந்துச்சுன்னு பெட்டியத் தட்டிருவா. நீயே வாடி."

இருவரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். அதுவரை உன் தேதிகளைத் தட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த வாரம் பேட்டரி தீர்ந்தது. பல வருஷம் உழைக்கும் பேட்டரி. புதிது போட்டேன். பேட்டரி இல்லாமல் கிடந்தால் இதற்கு எல்லாம் மறந்துபோகும். பிறந்தது அமெரிக்காவில் அல்லவா, அந்த ஊர்ப் பழக்கத்துக்குத் திரும்பிவிடும். மாதம் முதலில், நாள் பிறகு. இரண்டு பொத்தானை அழுத்தி நம் முறைக்குக் கொண்டுவரவேண்டும். கொண்டுவந்தால் திரையின் அடியில் சின்னதாக எழுத்துகள் தெரியும். இம்முறை அதைச் செய்ய மறந்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்பது நாள் கழித்து ஒஸ்மார் வந்து இறங்கினான். என் ஜன்னலைத் தாண்டும்போது நிறுத்தினேன்.

"வாழ்த்துகள் ஒஸ்மார். ரொம்ப நாளாச்சுல்ல நீ போயி?"

"பெட்டியத் தட்டிப் பாத்துச் சொல்லுங்களேன் தோனா ஜுல்மிரா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "நான் பஸ் ஏறுனது போன வருஷம் ஜூன் மூணு. எம் பொண்ணு பொறந்தது மார்ச் ஒண்ணு. எவ்வளவு நாள் உள்ள சொகுசா இருந்தான்னு பாப்போம்."

தட்டினேன். ஜூன் மூன்றை மார்ச் ஆறு என்றும், மார்ச் ஒன்றை ஜனவரி மூன்று என்றும் எடுத்துக்கொண்டு அது கணக்குப் போட்டது.

"முந்நூத்தி மூணு," என்றேன்.

"எவ்வளவு இருக்கணும்?"

"இருநூத்தி அறுபத்தாறு. பத்து நாள் முன்ன பின்ன."

சிரிப்பு அவன் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, இறக்கி வைக்க இடம் தெரியாத சுமை மாதிரி.

"பெட்டி தப்பாச் சொல்லுமா?"

"பதிமூணு வருஷத்துல ஒரு தடவகூடச் சொன்னதில்ல."

அது உண்மை. அவன் விரல் விட்டு எண்ணியிருக்கலாம். ஜூனிலிருந்து மார்ச் வரை. ஒரு விரலை அணையில் பறிகொடுத்து ஒன்பதோடுதான் வந்திருந்தான். ஒன்பதே போதும். ஆனால் பெட்டி இருக்கும் இடத்தில் யார் விரலை எண்ணுகிறார்கள்?

அவன் போனபின் பார்த்தேன், அந்தச் சின்ன எழுத்துகள் இல்லை. பொத்தானை அழுத்தி மறுபடி தட்டினேன். இருநூற்று எழுபத்தொன்று, சரியான கணக்கு. அவன் அப்போது உங்கள் வீட்டு வாசற்படியில்தான் நின்றிருந்தான், உள்ளே நுழையாமல். கூப்பிட்டால் கேட்கும் தூரம். அந்த எழுத்துகள் இல்லாததை, எண்ணைப் படிக்கும்போதே பார்த்தேனா என்று கேட்கிறாய். மிகச் சின்ன எழுத்துகள். எதிர்வீட்டுக்காரி பையில் என்ன காய் வாங்கி வருகிறாள் என்பது மட்டும் இங்கிருந்தே எனக்குத் தெரியும்.

அவன் உன்னைத் தூக்கவில்லை. பதிவு அலுவலகத்துக்கும் வரமாட்டேன் என்றான். உன் அம்மாவின் துணிகளைத் தெருவில் வைத்தான். இரண்டு நாள் கழித்து உன் அம்மா, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, நீ இப்போது உட்கார்ந்திருக்கும் இதே இடத்தில் வந்து நின்றாள்.

"நான் பேசுனது தப்புதான் தோனா ஜுல்மிரா. கால்ல வேணா விழறேன். அவரு முன்னாடி இன்னொரு தடவ தட்டிக் காட்டுங்க."

"பேட்டரி தீந்துபோச்சும்மா," என்றேன். "தலைநகர்லேர்ந்துதான் வரணும்."

பேட்டரி மாற்றிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அவள் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போய்விட்டாள். அந்த வெள்ளை உடுப்பை உனக்காக அவள் பையில் நானே வைத்து அனுப்பினேன். அதை அவள் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள்.

ஒஸ்மார் மூலை வீட்டில் தனியாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இங்கேதான், அவரையும் கீரையும். உனக்கு இருக்கிற அதே மடங்கிய இடது காது அவனுக்கும். நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இப்போது போய் அவனைக் கலக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள். நான் பொய் சொன்னவள் இல்லை. திரையில் இருந்ததைப் படித்தேன். இன்னொரு தடவை தட்டுங்கள் என்று யாராவது கேட்டிருந்தால் தட்டிக் காட்டியிருப்பேன். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட வந்து கேட்கவில்லை.

உன் அம்மாவைத் தவிர.