தண்ணீர் டப்பா

காலையில் ஸ்கேன் அறைக்கு முதலில் வருவது நான்தான், ஐயா. நோயாளிகள் வருமுன் தண்ணீர் நிரப்பிய ஒரு டப்பாவைப் படுக்கையில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

என் மைத்துனர் முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போனார். சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அன்றிலிருந்து அவர் தங்கை, என் மனைவி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டே நடமாடினாள். மருத்துவர் சோதித்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, ஸ்கேன் எல்லாம் தேவையில்ல" என்றார். அவளுக்கு மனசு ஆறவில்லை. ஸ்கேன்காரர் பெண்டாட்டிக்கே ஸ்கேன் இல்லையா என்று கேலி செய்தாள். ஒரு காலையில் டப்பாவை இறக்கிவிட்டு அவளைப் படுக்க வைத்தேன். இரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான மருந்தூசியும் நானே போட்டேன். பதிவில் 'தண்ணீர் டப்பா' என்று அடித்தேன்.

"இதனால ஒண்ணும் ஆயிடாதே?" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது. நான் தினமும் இதுலதானே கிடக்கேன்" என்றேன். நான் கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவன் என்பதைச் சொல்லவில்லை.

இதயம் பளிச்சென்று விழுந்திருந்தது. காட்டினேன், சிரித்தாள். மூன்றாவது முறை எடுத்த பிறகு, "போதுங்க, எனக்குப் பயம் விட்டுப்போச்சு" என்றாள்.

எனக்கு விடவில்லை. அவள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால் போதும், மறுநாள் காலை நைச்சியமாகப் பேசி அழைத்து வருவேன். மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் காத்திருந்தால் துடிப்பு இறங்கும், குறைந்த கதிரிலேயே படம் தெளிவாக வரும். அதற்குள் ஆட்கள் வந்துவிடுவார்களே. கதிரைக் கூட்டி வைத்து எடுத்தேன்.

ஒன்பது வருஷம் கழித்து அவள் மார்பில் கட்டி வந்தது. "முன்னாடி நெஞ்சுப் பக்கம் ஸ்கேன் ஏதாவது எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார் புற்றுநோய் மருத்துவர். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான், "இல்ல டாக்டர்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணை மூடும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். திட்டாமல் போய்விட்டாளே என்றுதான் எனக்கு ஆறவே இல்லை.

கதிரால்தான் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் போன பிறகு இந்தப் பதினோரு மாதமும் சாப்பிட்டேன், தூங்கினேன்.

பழைய பதிவில் பதினான்கு நாட்களில் மட்டும் தண்ணீர் டப்பா இரண்டு முறை வருவது ஏன் என்று கேட்டீர்கள். இரண்டாவது டப்பா என் மனைவி. மூன்று அவள் கேட்டு எடுத்தது, பதினொன்று எனக்காக எடுத்தது. படங்களை நான் அழிக்கவில்லை, எடுத்துப் பாருங்கள். பதினான்கிலும் அவள் இதயம் நன்றாகத்தான் இருக்கிறது. நான் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.