மணி ஓடிக்கொண்டிருந்தது

திரையில் பொத்தானை எந்த அளவில் வைப்பது என்பதில் நான் பிடிவாதக்காரன், சார். கையுறையோடு தொடுகிற ஆட்களுக்குப் பெரிதாகத்தான் வைப்பேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பட்டறை எங்களுடையது. அதன் திரை முழுக்க என் கைவேலை. பொத்தான், நிறம், ஓரத்தில் ஓடும் கடிகாரம் எல்லாம் டிக்கிள் என்ற பழைய கணினி மொழியில். உலைக்குழியில் இருக்கும் சென்சாரிடம் கேட்டு வருவது பைத்தான் என்ற இன்னொரு மொழி. இரண்டையும் பேசவைத்தவன் நான். குழியில் நைட்ரஜன் தங்கினால் வாசனையே தெரியாது, ஆள் சுருண்டு விழுவான். மூச்சுவிடக் காற்று இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

சென்சார் பேசாவிட்டால் கடிகாரமும் நிற்கும்படி கட்டியிருந்தேன். குழியைச் சுத்தம் செய்யும் இருதயராஜ் இதை எல்லோருக்கும் பழக்கிவிட்டார். "பச்சையா கீதா, மணி ஓடுதா, அப்பால எறங்கு" என்பார்.

சிக்கல் என்னவென்றால், சில சமயம் இரண்டு மொழிகளும் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும். திரை உறைந்துபோகும், வேலை கெடும். "இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா தூக்கிக் கடாசிடுவேன், கோகுல். புதுசா சேந்த லாவண்யா மொத்தத்தையும் ஒரே லாங்குவேஜ்ல எழுதித் தரேங்குது" என்றார் முதலாளி கஜபதி. அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை? இந்த வயதில், டிக்கிள் தெரியும் என்று போய் நின்றால் எவன் சேர்ப்பான்? வானகரம் பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். பயம், சார். அப்படியொரு பயம்.

அதனால் முடிச்சை அவிழ்த்தேன். சென்சார் பதில் சொல்லாவிட்டால் கடைசியாக வந்த நிறமே இருக்கட்டும், கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடட்டும். யாரிடமும் சொல்லவில்லை. திரை பிறகு உறையவே இல்லை. முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார்.

அன்று காலை அவர் வெளியூர் வாடிக்கையாளர்களுக்குத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். பச்சைக்குக் கீழே ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் அசையவே இல்லை. சென்சார் பேசிக்கொண்டிருந்தால் கடைசி இலக்கம் மாறிக்கொண்டே இருக்கும். எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் நான் செய்ததும் வெளியே வந்துவிடும். லாவண்யாவும் அங்கேதான் நின்றிருந்தாள்.

இருதயராஜ் ஏணியில் கால் வைத்தபடி என்னைப் பார்த்தார். "இன்னா சார், எறங்கலாமா?"

"பச்சை இருக்கு. மணியும் ஓடுதே" என்றேன்.

இறங்கினார். சத்தமே இல்லை. அவருடைய கூட்டாளி பாண்டியன் குழியை எட்டிப் பார்த்து, "அண்ணாத்தே, அண்ணாத்தே" என்று கூப்பிட்டான். பிறகு திரையைப் பார்த்தான். பச்சை. அவனும் இறங்கினான். வாடிக்கையாளர்கள் இன்னும் கிளம்பவில்லை, நான் அப்போதும் பேசவில்லை.

யாரையும் இறங்கச் சொல்லவில்லை, சார். கேட்டார், திரையில் இருந்ததைச் சொன்னேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.