எட்டு அடுக்குத் தோல்

இந்த அறையில் காற்றாடி கிறீச்சிடுகிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். ஏணி கொடுத்தால் நானே விட்டுத் தருகிறேன். பழுதான ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு வராது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், ஐயா.

பில்லியர்ட்ஸ் கோல்களுக்கு நுனித்தோல் ஒட்டுவது என் வேலை. பந்தை இடிக்கிற முனையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தோல் வில்லை இருக்கும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். குறையில்லை, ஆடுகிறவர்களிலேயே பாதிப் பேர் கவனித்ததில்லை. பந்து குழியில் விழுந்தால் தங்கள் திறமை, விழாவிட்டால் தோல் சரியில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒற்றைத் தோலில் வெட்டிய வில்லை கொஞ்ச நாளில் ஓரம் பிதுங்கிக் காளான் மாதிரி ஆகிவிடும். அதனால் மெல்லிய பன்றித்தோலை அடுக்கடுக்காக ஒட்டி, அழுத்தி, பிறகு வில்லை வெட்டுவார்கள். அடுக்குத் தோல் வடிவம் மாறாது. அதற்கு ஒரே எதிரி ஈரம். ஈரம் உள்ளே போனால் அடுக்குகள் பழைய கூட்டாளிகளைப் போல ஒன்றையொன்று விட்டுப் பிரிந்துவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் அத்தான் அதை வாயில் போட்டுக்கொள்வார்.

அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர், நான் வேலை செய்கிற பில்லியர்ட்ஸ் கூடத்தின் முதலாளி. டயர் கடைக்கு மேல்மாடியில் பச்சைத் துணி விரித்த மேசைகள், பின்னால் ஒரு சிறிய அறை, அதில் ஒரு லேத், அதன் முன்னால் நான். அத்தான் அதற்கு முன்பு குளியலறைச் சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தார். குழாயைப் பற்றி அவர் ஒரு நாளும் பிரசங்கம் செய்ததாகக் கேள்வியில்லை. கூடத்தை வாங்கியதும் கையில்லாத கோட்டு ஒன்று மாட்டினார், தாடி வைத்தார், தோல் ஞானி ஆகிவிட்டார்.

யாராவது புதுத் தோல் வேண்டும் என்று வந்தால் போதும். வில்லையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு கண்ணை மூடுவார். சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடமாட்டார்கள். அத்தானுக்கு நிரந்தர ரசிகர்கள் இரண்டு பேர்: ஒரு வக்கீல், ஒரு பல் டாக்டர். வக்கீலுக்கு ஆட வராது, பல் டாக்டருக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்காது.

"மலைப்பக்கத்துப் பன்னி," என்பார் அத்தான், கண்ணைத் திறக்காமல். "கொஞ்சம் சோகமா வளர்ந்திருக்கு."

"பார்த்தாலே தெரியுது சார்," என்பார் பல் டாக்டர்.

பன்றியின் சோகம் அவருக்கு நாக்கிலேயே தெரிந்துவிடும். பிறகு அந்த எச்சில் வில்லை என்னிடம் வரும். நான் துடைத்துக் காயவைத்து ஒட்டுவேன். உள்ளே போன ஈரம் வெளியே வருமா? ஒரு மாதத்தில் அடுக்கு பிரியும். கோலைத் தூக்கிக்கொண்டு ஆள் திரும்பி வருவான். அத்தான் எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிடுவார்.

"மச்சான், தேர்ந்தெடுக்கிறது என் பொறுப்பு. ஒட்டுறது ஒண்ணுதான் உன் வேலை. அது கூடவா வரல?"

வக்கீல் சிரிப்பார். அக்கா மட்டும் பின்னறைக்கு வந்து, "விடுடா. குழாய் வித்த காலத்துல அவர் பேச்சைக் கேட்க ஆளே இல்ல. இப்பப் பேசித் தீர்த்துக்கறாரு," என்பாள். அக்கா என்னை வளர்த்தவள். அவளுடைய ஒரே குறை, யாரைப் பார்த்தாலும் பாவம் என்பாள்.

ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். கூடத்து மூலையில் கிழிந்து கிடந்த நாற்காலியின் இருக்கையில் ஒரு வில்லை வெட்டி, ஓரம் தேய்த்து, தட்டில் வைத்துக் கொடுத்தேன். பத்து வருடம் எத்தனையோ பேர் உட்கார்ந்த தோல் அது. அத்தான் அதக்கினார், கண்ணை மூடினார், "இது ராஜ வம்சம்," என்றார். அவர் அதை ராஜ வம்சமாகவே மென்றுகொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் கூடத்தில் எலிகள் உண்டு. தோலுக்கும் பசைக்கும் வருபவை. அந்த நாற்காலி வில்லையும் நல்ல பன்றித்தோலும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபோது, பன்றித்தோலைத் தின்றுவிட்டு நாற்காலியை முகர்ந்துகூடப் பார்க்காமல் போயின. ரசனை என்றால் அது. அவற்றுக்கு மருந்து வைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மருந்து விஷயத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய போட்டிகளில் ஆடுகிற பெண். அத்தான் ஊரில் இல்லாத நாளில் வந்தாள். எந்த மலைப் பன்றி என்று கேட்கவில்லை. பின்னறையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "கெட்டித் தோல்ல பந்து விலகி ஓடுது, மெத்துத் தோல்ல என் கைக்குச் சேதி வரமாட்டேங்குது. நடுவுல ஏதாவது இருக்கா அண்ணே?" என்றாள். என் வாழ்நாளில் என்னிடம் கேட்கப்பட்ட புத்தியுள்ள கேள்வி அது ஒன்றுதான். உங்களுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். பழைய தோலைச் சீவி எடுத்தேன். கோல் முனையின் வெள்ளைப் பூணை மட்டமாக்கினேன். வில்லையின் அடியைச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, அழுத்திக் காயவிட்டேன். லேத்தில் ஓரம் சீவி, நாணய விளிம்பின் வளைவுக்குத் தலையை உருட்டி, பக்கவாட்டைத் தேய்த்து மெருகேற்றினேன். ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.

அவள் ஜெயித்தாள். நன்றி சொல்லக் கூடத்துக்கே வந்தாள். "இதை ஒட்டினவர் எங்கே?" என்று கேட்டாள். அத்தான் தன் மார்பில் கையை வைத்துத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார். நான் அறை வாசலில், விரலில் பசையோடு நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்புவதற்குள் வக்கீல் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அத்தானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். கூடத்துச் சுவர்களில் இடமில்லை என்று அத்தான் அதைக் கொண்டுவந்து என் லேத்துக்கு நேர் மேலே மாட்டினார்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. கோபம், பெயர் வேண்டும் என்று அலைகிறவர்களுக்கு வருவது. எனக்குப் பெயரும் வேண்டாம், புகழும் வேண்டாம். பொய் ஒன்று தாடி வைத்துக்கொண்டு உலாவுகிறது. யாராவது ஒருவர் அதை நிறுத்த வேண்டியிருந்தது. பழுது பார்ப்பவன் நான். அவ்வளவுதான் விஷயம்.

தோலை நானே செய்வது என்று முடிவு செய்தேன். மெல்லிய பன்றித்தோல், எட்டு அடுக்கு. கடையில் வாங்கியதில் பசை ஒரு பக்கம் திரண்டிருக்கும். என்னுடையதில் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பசை ஒரே சீராக இருந்தது. ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு அடுக்கையும் எலி மருந்தில் ஊறவைத்துக் காயவைத்தேன். மெத்துத் தோலாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அது அதிகம் உறிஞ்சும், வாயில் சீக்கிரம் இளகும். ஒரு தட்டு நிறைய வில்லைகள் செய்தேன். அத்தான் எதை எடுப்பார் என்று சொல்ல முடியாதே. எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் செய்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

மற்றவர்கள் வாயில் வைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எப்போதும் அத்தான் ஒருவர்தான் சுவைப்பார். மற்றவர்கள் வாயைப் பார்ப்பார்கள்.

அன்று மாலை உறுப்பினர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அக்கா தேநீர் கொண்டுவந்து ஓரமாக நின்றாள். அத்தான் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அதக்கினார். கண்ணை மூடினார். வழக்கத்தைவிட அதிக நேரம் மென்றார். பன்றி வரவில்லை, மலை வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அது கலங்கியிருந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"நான் பண்ணினது அத்தான்."

என் கையைப் பிடித்துக் கூடத்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. "எல்லாரும் கேளுங்க. இத்தனை வருஷமா நான் பேசினதெல்லாம் வெறும் பேச்சு. இதுதான் வேலை. என் மச்சினன் பண்ணினது. அந்தப் பொண்ணு ஜெயிச்ச கோலும் இவன் ஒட்டினதுதான். நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். அடியில ஒரு இனிப்பு தட்டுது பாருங்க, அது யாருக்கும் வராது."

நல்ல பன்றித்தோலில் ஒரு இனிப்பு உண்டு, ஐயா. எலி விரும்ப வேண்டும் என்று மருந்திலும் இனிப்புச் சேர்ப்பார்கள். ஆனால் அத்தான் சொன்னது தோலின் இனிப்பைத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்த நாக்கு சரியாகச் சொன்னது.

"நீங்களும் பாருங்க, எடுத்துக்குங்க," என்று தட்டை நீட்டினார். வக்கீல் இரண்டு எடுத்துக்கொண்டார். இலவசம் என்றால் அவர் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். பல் டாக்டர் வில்லையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வெறும் வாயை மென்று, "அபாரம்," என்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாழ்நாள் முழுக்கப் பாசாங்கு செய்ததற்குப் பலன்.

மற்றவர்கள் முகர்ந்து பார்த்ததோடு சரி. பிறகு தட்டு அக்காவிடம் போனது. தோலை வாயில் வைக்கிறதைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். ஒரு நாளும் தொட்டதில்லை.

"என் தம்பி பண்ணினதா?" என்றாள். "அப்ப நானும் பார்க்கிறேன்." என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

அத்தான் இரவே போய்விட்டார். அக்கா மறுநாள். இருவரையும் நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளாவது பிழைத்திருப்பாளே என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து எல்லாரும் கை தட்டினார்கள். எனக்காக. அந்தச் சத்தத்தில் பேசினால் யாருக்குக் கேட்கும்? அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

அது கொஞ்சம் நீண்டுவிட்டது, ஐயா.