புதன்கிழமைக் கேள்விகள்

– “பையை மூடினா உள்ள இருந்த வெளிச்சம் எங்கப்பா போகும்?”னு கேட்டா, வக்கீலம்மா. அப்ப அவளுக்கு நாலு வயசு. பள்ளிக்கூடப் பையோட ஜிப்பை மூடுறா, திறக்கிறா, மறுபடி மூடுறா. எம் பொண்ணுதான். இப்ப அவளே ரெண்டு புள்ளைக்கு அம்மா, எங்கேயோ தூர தேசத்துல.

– நான் கேட்டது கடைக்கு என்ன பேருன்னு.

– அதுக்குத்தாம்மா வர்றேன், கேளுங்களேன். அவ அப்படிக் கேட்டதும் என் வீட்டுக்காரி சொன்னா, “என்னிக்காவது நாம பை ரிப்பேர் கடை வெச்சா வெளிச்சம்னு பேர் வெப்போம்”னு.

– பை ரிப்பேர் கடைக்கு வெளிச்சம்னு பேரா? பல்பு கேட்டுத்தான் ஆள் வரும்.

– அதையேதான் நானும் சொன்னேன். ஒரு வாரம் எங்கூடப் பேசல.

– நியாயம்தான். சரி, எழுதிக்கிறேன். வெளிச்சம் பை ரிப்பேர் நிலையம். ஆனா பைக்காரரே, நீங்க முதல் தடவை வந்தப்போ சொன்னதும் இதே பேர்தான். நடுவுல மூணு பேர் மாத்தி, என்னை மூணு தடவை எழுத வெச்சு, இப்ப கிளம்பின இடத்துக்கே வந்து நிக்கிறீங்க.

– மனுஷன் மனசும்மா. ஒரு இடத்துல உக்காருதா?

– இன்னிக்கு உக்கார வெக்கிறோம். கடைப் பேரு, நகராட்சி உரிமம், வாடகை ஒப்பந்தம், ரசீது, எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் ரெண்டு பேரும் எழுந்திருக்கணும்.

– என்னம்மா திடீர்னு இவ்வளவு அவசரம்? அடுத்த புதன்கிழமை வரத்தானே போகுது.

– அடுத்த புதன்கிழமைப் பேச்சே வேண்டாம். உரிமையாளர் பேருன்னு இருக்கிற இடத்துல என்ன எழுதியிருக்கீங்க? கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியல.

– ‘நாங்கள்’னு.

– நாங்கள்னா யார் யாரு?

– நானும் அவளும்.

– ஐயா... அவங்க தவறிப்போயாச்சு.

– தெரியாமலாம்மா? என் கையாலதானே அனுப்பி வெச்சேன். பேனாவைப் பிடிச்சா கை தானா அப்படி எழுதிடுது. வாடகை வீடு, பாங்க் கணக்கு, பொண்ணு கல்யாணப் பத்திரிகைன்னு எல்லாத்துக்கும் ‘நாங்கள்’தான். ‘நான்’னு எழுதிப் பழக்கமே இல்ல.

– கூட்டு வியாபாரம்னா உயிரோட இருக்கிற ரெண்டு பேராவது வேணும். ரெண்டே பேர் இருந்து ஒருத்தர் போயிட்டா, சட்டத்தோட கண்ணுல அந்தக் கூட்டே கலைஞ்சுபோச்சு.

– சட்டத்துக்குக் கண்ணு சரியில்ல.

– அதான் துணியைக் கட்டி வெச்சிருக்காங்களே. நீங்க இப்ப தனி உரிமையாளர். ஒரு வகையில அதுதான் சுலபம். கணக்கு உங்களோடது, முடிவு உங்களோடது. நஷ்டம் வந்தாலும் உங்களோடதுதான், அதையும் சொல்லிடுறேன்.

– அந்தத் ‘தனி’யை மட்டும் விட்டுட்டு எழுத முடியாதாம்மா?

– ம்... பொறுங்க, பாக்கிறேன். முடியும். வெறுமனே ‘உரிமையாளர்’னு எழுதுங்க. எந்த அதிகாரியும் திருப்பி அனுப்ப மாட்டான். அனுப்பினா நான் பேசிக்கிறேன்.

– நீங்க நல்லா இருக்கணும்.

– எழுதுங்க முதல்ல. அடுத்தது வாடகை ஒப்பந்தம். கூரை ஒழுகினா இடத்துக்காரர் பொறுப்புன்னு சேக்கச் சொன்னேனே, சேத்தாரா?

– வாயால ஒத்துக்கிட்டார். நல்ல மனுஷன், கோயிலுக்கெல்லாம் போறவர்.

– நல்ல மனுஷன் ஒத்துக்கிட்டதைத்தான் உடனே எழுதி வாங்கிடணும். நாளைக்கு அவர் மகன் வந்து நிப்பான், அவன் எப்படியோ யார் கண்டா? மழைத்தண்ணி உங்க தையல் மெஷின் மேல சொட்டுறப்போ அவர் பக்தியா வந்து குடை பிடிக்கும்? உள்ளே நீங்க ஆணி அடிச்ச ஓட்டை உங்க பொறுப்பு. கூரை அவர் பொறுப்பு. இந்த ஓரத்துல எழுதி, ரெண்டு பேரும் சின்னதா கையெழுத்துப் போடுங்க.

– சரிம்மா. அப்புறம் ஒரு சந்தேகம், கேளுங்களேன். ஒருத்தர் பையைத் தைக்கக் கொடுத்துட்டு, திரும்ப வரவே இல்லைன்னா?

– ரசீதுலயே அச்சடிச்சுடணும். இத்தனை மாசத்துக்குள்ள வாங்கிக்கலைன்னா கடை பொறுப்பில்லைன்னு. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவையாவது அவங்களுக்குத் தகவல் சொல்லியிருக்கணும்.

– கெடு முடிஞ்சப்புறம் வந்து கேட்டா?

– நீங்க கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல.

– கொடுத்துடுவேனேம்மா.

– தாராளமா கொடுங்க. சட்டம் உங்க கையைப் பிடிச்சு நிறுத்தாது. நாலு பேர் வம்புக்கு வந்தா உங்களைக் காப்பாத்த ஒரு வரி வேணும், அவ்வளவுதான். அந்த வரி ரசீதுல இருக்கட்டும், நீங்க உங்க மனசு சொல்றபடி செய்யுங்க.

– அப்படிச் சொன்னீங்கன்னா சரி. பைக்குள்ள ஏதாவது பொருள் இருந்தா?

– வாங்கும்போதே அவங்க கண்ணு முன்னாடி கவிழ்த்துக் காட்டிடணும்.

– கவிழ்க்கிறதுன்னா கஷ்டம்மா. ஒரு அம்மா சக்கரம் போன சூட்கேஸைக் கொண்டு வந்தாங்க. கவிழ்த்தா, ஒத்தைக் காலுறை விழுந்துச்சு, விரல் நீளம்தான் இருக்கும். குழந்தைக்குப் போடுறது. அந்த அம்மா அதை எடுத்துக் கைக்குள்ள மூடிக்கிட்டாங்க. நான் சக்கரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். பாத்துட்டோம்னு தெரிஞ்சா அவங்களுக்கு இன்னும் சங்கடமா இருக்குமேன்னு.

– இது எப்ப நடந்துச்சு?

– வீட்டுல வெச்சும் தைக்கிறேனேம்மா, தெரிஞ்சவங்களுக்கு.

– ம். சரி, இனி கையெழுத்துதான் பாக்கி.

– இன்னும் ஒண்ணே ஒண்ணு. கடையில வேலைக்கு ஆள் வெச்சா என்னென்ன செய்யணும்?

– ஆள் வெக்கிறப்போ சொல்றேன்.

– பக்கத்துல இன்னொரு பைக்கடைக்காரன் இதே பேர் வெச்சுட்டான்னா?

– பைக்காரரே.

– மின்சாரக் கட்டணம் கடைக்கு வேற கணக்கா, இல்ல...

– போதும். பேனாவைக் கீழ வையுங்க. இந்த மின்சாரக் கேள்வியை நீங்க முன்னாடியே கேட்டாச்சு. ஆள் வெக்கிற கேள்வியை ரெண்டு தடவை கேட்டாச்சு. நானும் ரெண்டு தடவையும் முழுசா பதில் சொல்லியிருக்கேன். நீங்க மறதிக்காரர் இல்ல. போன மாசம் நான் என்ன நிறப் புடவை கட்டிட்டு வந்தேன்னு சொன்ன ஆளு நீங்க.

– அது... ஓரத்துல நூல் பிரிஞ்சிருந்துச்சு. தொழில் கண்ணு, அங்கதான் போகும்.

– பேச்சை மாத்தாதீங்க. உண்மையைச் சொல்லுங்க. கடை திறக்கப் பயமா?

– பயம்னு இல்லம்மா.

– எனக்குப் புரியாதுன்னு நெனைக்கிறீங்களா? நெனைச்சது ரெண்டு பேர், இப்ப ஒரு ஆளா போய் ஷட்டரைத் தூக்கணும். யாருமே வராம உக்காந்திருந்தா என்ன பண்றதுன்னு இருக்கும். ராத்திரி வீட்டுக்குப் போய், “இன்னிக்கு இன்னது நடந்துச்சு”ன்னு சொல்லவும் ஆள் இல்ல. அதனால காகிதத்தைச் சுத்திச் சுத்தி வர்றீங்க. காகிதம் முடியாத வரைக்கும் கடை திறக்க வேண்டாமேன்னு.

– நீங்க சொல்றது முதல் ஒண்ணு ரெண்டு மாசம் நிஜம்தாம்மா.

– இப்பவும் நிஜம்தான். அந்த இடத்துக்காரர் உங்களுக்காக எவ்வளவு நாள் காத்திருப்பார்? வேற எவனாவது முன்பணத்தை நீட்டினா கொடுத்துட்டுப் போயிட்டே இருப்பார். அப்புறம் அந்த அம்மா வெச்ச பேரு இந்தக் கோப்புக்குள்ளயே கிடக்கும். இன்னிக்கு நீங்க கையெழுத்துப் போடாம போனீங்கன்னா, நான்... எனக்கு அதுக்கப்புறம் வழியே இல்ல.

– ஏம்மா, உங்க குரல் ஒரு மாதிரி இருக்கு? தண்ணி குடிங்க.

– வேண்டாம். சொல்லிடுறேன். சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். இந்தச் சட்ட உதவி மையத்தை மூடியாச்சு, ஐயா. சின்னக் கடைக்காரங்களுக்கு இலவசமா சட்ட ஆலோசனை கொடுக்க இனிமே நிதி இல்லைன்னு மேலே இருந்து சொல்லிட்டாங்க. இன்னிக்கு நேத்து இல்ல, மாசக்கணக்காச்சு. மத்தவங்க அன்னிக்கே கிளம்பிட்டாங்க. எங்கிட்ட ஒரு சாவி இருந்துச்சு. நீங்க மட்டும் புதன்கிழமை ஆனா வந்துடுவீங்க. பாதியில விட்டா இந்த மனுஷன் யார்கிட்டப் போவார், தரகர்கிட்டப் போய் ஏமாந்துடுவாரேன்னு, கட்டடத்துக்காரரைக் கெஞ்சிக் கேட்டுத் திறந்து வெச்சிருந்தேன். இப்ப இடத்தை யாருக்கோ விட்டுட்டார். நாளைக்குச் சாவியைக் கொடுக்கணும். அதான் இவ்வளவு அவசரம்... என்ன, சிரிக்கிறீங்க?

– சிரிக்கலம்மா. எனக்குத் தெரியும்.

– என்ன தெரியும்?

– மையம் மூடினது. மூடின அடுத்த வாரமே தெரியும். கீழ பெருக்குற அம்மா சொன்னாங்க. “எல்லாரும் போயாச்சு, வக்கீலம்மா மட்டும் புதன்கிழமை வந்து மேல உக்காந்திருக்கு, யாரோ ஒருத்தருக்காகவாம்”னு. அந்த யாரோ நான்தானேன்னு அப்படியே படியில உக்காந்துட்டேன்.

– தெரிஞ்சுமா வந்தீங்க?

– தெரிஞ்சதாலதாம்மா வந்தேன். அன்னிக்கு மேல ஏறி வந்து எட்டிப் பாத்தேன். நீங்க ஜன்னலோரம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வெச்சுக்கிட்டு, சாப்பிடாம வெளிய பாத்துட்டு இருந்தீங்க. என்னைக் கண்டதும் மூடி வெச்சுட்டு, “வாங்க, இன்னிக்கு என்ன சந்தேகம்?”னு அவ்வளவு சந்தோஷமா கேட்டீங்க. எங்கிட்ட சந்தேகமே இல்ல. சும்மா மின்சாரத்தைப் பத்திக் கேட்டு வெச்சேன்.

– கடவுளே. நீங்க வராம இருந்திருந்தா நானும் நிம்மதியா வீட்டுல இருந்திருப்பேனே.

– வீட்டுல யாரும்மா இருக்கா?

– ...யாரும் இல்ல.

– நான் முதல் முதலா வந்த அன்னிக்கு நேரம் முடிஞ்சு நீங்க பூட்டிட்டுப் படி இறங்கிட்டு இருந்தீங்க. அவ போன புதுசு. நீங்க ஒரு வார்த்தை கேக்கல. திரும்ப மேல ஏறி, பூட்டைத் திறந்து, “வாங்க, இப்பதான் திறந்தேன்”னு சொன்னீங்க. எனக்காக அப்படி ஒரு பொய்யை யாரும் சொன்னதில்லம்மா. இந்தக் கடனை எப்படித் தீர்க்கப் போறோம்னு கும்பிடுறப்போல்லாம் கேப்பேன். ஆண்டவனாப் பாத்து ஒரு வழி விட்டான், நானும் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தேன். ‘நாங்கள்’னு எழுதினது மட்டும் நிஜமாவே கை தவறினது.

– போங்கய்யா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிறதா நெனைச்சு... சரி, அழ வெக்காதீங்க. எனக்காகக் காத்திருந்தது போதும். இந்தாங்க பேனா, கையெழுத்தைப் போட்டுட்டு, நாளைக்கே கடையைத் திறங்க.

– அதை எப்படிச் சொல்றதுன்னுதாம்மா தெரியல.

– இன்னும் என்ன? எது தடுக்குது?

– ஒண்ணும் தடுக்கலம்மா. நீங்க முதல்ல ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தீங்களே, அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன், உரிமம் வந்துடுச்சு. கடை திறந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. வாரம் பூரா இருக்கேன், புதன்கிழமைதான் எங்க கடைக்கு விடுமுறை.