கூண்டு மட்டும் எங்களோடது

உங்க ஸ்டேஷன்ல இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை சார். அடியில ஒரு அட்டையை மடிச்சு வச்சா ஆடாது. ஏதாவது ஆடிக்கிட்டே இருந்தா எனக்கு மனசு ஒரு இடத்துல நிக்காது. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

தொழில் மிஷின்களுக்குக் கடன் கொடுக்குற ஆபீஸ்ல நான் வசூல் பாக்குறவன். என் தங்கச்சி வீட்டுக்காரர் டின் மூடி அடிக்கிற பட்டறை வச்சிருக்கார். தகட்டை அழுத்தி மூடி அடிக்கிற பிரஸ் மிஷின் வாங்கணும்னு சொன்னதும் எங்க ஆபீஸ்ல பேசி வச்சேன். மாப்பிள்ளை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வேற கம்பெனியில கடன் வாங்கிட்டார். கேட்டா, "சொந்தத்துக்குள்ள கடன் எதுக்கு மச்சான், நாளைக்கு உங்க முகத்துல முழிக்க வேணாமா"ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். கோபமெல்லாம் இல்லை சார்.

அப்புறம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து, கூண்டு இல்லாம பிரஸ் ஓட்டக் கூடாதுன்னு நிறுத்திட்டுப் போனார். கூண்டுன்னா ஒரு கம்பிக் கதவு. அதை மூடினாத்தான் அச்சு இறங்கும், கை உள்ளே இருந்தா இறங்காது. அந்தக் கம்பெனிக்காரன் அதுக்குப் பணம் தர மாட்டேன்னுட்டான். அப்பதான் மாப்பிள்ளைக்கு மச்சான் ஞாபகம் வந்துச்சு. கூண்டுக்கு மட்டும் நான் கடன் போட்டுக் கொடுத்து, அது மேல எங்க ஆபீஸ் பேர் போட்ட தகடை அடிச்சேன். ஆக, பிரஸ் அவங்க பாத்தியதை, கூண்டு எங்க பாத்தியதை.

அந்தப் பிரஸ்ல உக்கார்றது என் தங்கச்சிதான். கை அவ்வளவு சுறுசுறுப்பு.

வியாபாரம் படுத்துச்சு. தவணை நின்னுச்சு, வரியும் கட்டலை. வரி ஆபீஸ்காரங்க சீல் வச்சுட்டா உள்ளே இருக்குற சாமான் மேல அரசாங்கத்துக்குத்தான் முதல் உரிமை. நாங்கள்லாம் வரிசையில கடைசி. மறுநாள் சீல் வைக்க வர்றாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மாப்பிள்ளைகிட்ட சொல்லியிருக்கலாம். அவர் எதை என்கிட்ட சொன்னார்?

அவங்க வர்றதுக்கு முதல் நாள் காலையில நல்ல வெளிச்சத்துலதான் போனேன், ஒளிஞ்சு மறைஞ்சு போகலை. தவணை நின்னா கழட்டிக்கலாம்னு ஒப்பந்தமே இருக்கு. மாப்பிள்ளை மூடிக்குத் தகரம் வாங்கப் போயிருந்தார். தங்கச்சி மட்டும் இருந்தா. குழந்தைக்குக் காய்ச்சல்னு ராத்திரி பூரா தூங்கலையாம், கண்ணு சொக்கிட்டிருந்துச்சு.

"அண்ணே, கூண்டைக் கழட்டிட்டா மிஷின் ஓடாதே. நாளைக்குச் சரக்கு கொடுக்கலைன்னா நாங்க தெருவுக்கு வந்துருவோம்ணே"ன்னு அழுதா.

எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. கூடப்பிறந்தவ இல்லையா. கூண்டை மூடினா அது மிஷினுக்குத் தெரியுறதுக்கு ரெண்டு ஒயர் இருக்கு. அது ரெண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்திக் கொடுத்தேன். கூண்டு மூடியிருக்குன்னு நம்பி மிஷின் ஓடுச்சு. "நீ நல்லா இருக்கணும்ணே"ன்னா. டீ போட்டுக் கொடுத்தா, குடிச்சேன். கூண்டை வண்டியில ஏத்திட்டு வந்துட்டேன்.

இப்படி ஆகும்னு தெரியுமான்னு கேக்குறீங்க. தெரியும் சார். கூண்டு இல்லாத பிரஸ் என்ன செய்யும்னு தெரியாதவன் கூண்டுக்குக் கடன் கொடுப்பானா? எப்ப செய்யும்னுதான் தெரியாது. மாப்பிள்ளை ஒரு நாள் என் முகத்துல முழிக்கணும்னு நினைச்சேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசல்ல முழிச்சார்.

சாயங்காலமே நடந்துடுச்சாம். ரெண்டு கையும், மணிக்கட்டோட. மயக்கம் தெளிஞ்சதும், "அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க, உதவிதான் செஞ்சுச்சு"ன்னாளாம். அவளுக்காவது என்னைப் புரிஞ்சிருக்கு.

கூண்டு எங்க குடோன்ல பத்திரமா இருக்கு சார், ஒரு கீறல் கிடையாது. என் பக்கம் தப்பே இல்லைன்னு சொல்ல மாட்டேன். கூண்டை எடுத்துக்கிட்டதுக்கு ரசீதுல தங்கச்சி கையெழுத்து வாங்காம வந்துட்டேன். அன்னைக்கே வாங்கியிருக்கணும்.