லிஃப்டுல எப்படி இறக்குவாங்க?

மட்டாஞ்சேரி படகு ஜெட்டியில போட்டுக்குக் காத்து நிக்கிறேன். நான் எழுத்துக் கூட்டி ஒரு வரி படிக்கிறதுக்குள்ள போட்டு எறணாகுளம் போய்ச் சேந்துரும். அதனால பக்கத்துல நிக்கிறவங்க பேச்சுதான் எனக்குப் பேப்பர். எதிர்ல பெரிய போர்டு, இருபது மாடி ஃப்ளாட்டு வரப்போகுதுன்னு படம். அதைப் பாத்துட்டே ஒரு வயசான அம்மா புருசன்கிட்ட கேட்டாங்க:

"ஏங்க, நான் செத்தா லிஃப்டுல எப்படிப் படுக்க வெச்சு இறக்குவாங்க?"

"எடி, நம்ம மோன் துபாயில இருந்து ஆசையா ஃப்ளாட்டு புக் பண்றேங்குறான். நீ இப்பவே பாடை கட்டுறியே."

"சுள்ளிக்கல் பக்கம் ஒரு ஃப்ளாட்டுல பாத்தேன். லிஃப்டுல நாலு பேரு நிக்கத்தான் எடம். இப்ப இருக்கிற வீடுன்னா முற்றத்துல கெடத்தலாம், எல்லாரும் வந்து பாப்பாங்க."

"நிக்க வெச்சே கொண்டு வந்துரலாம். நான் கட்டிப் பிடிச்சுக்கறேன்."

அந்தம்மா சிரிச்சாங்க. அவர் சிரிக்கல.

"நெசமாவா?"

"பின்னே? வேற யாரைப் பிடிக்க விடுவேன்?"

போட்டு வந்து கயிறு கட்டுற வரைக்கும் அந்தம்மா படத்தையே பாத்துட்டு நின்னாங்க.

"சரி, மோன்கிட்ட புக் பண்ணச் சொல்லுங்க. ஆனா ரெண்டாம் மாடி போதும். உங்க முட்டிவலியோட என்னைப் பிடிச்சுட்டு ரொம்ப நேரம் நிக்க முடியாது."